எந்தச் சித்தப்பா?

பிப்ரவரி 4

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, பாப்பா மூவரும் நலம். உன் நலத்தை உன் கையெழுத்தில் பார்க்க ஆசை.

உன்னை அந்த மறுவாழ்வு இல்லத்தில் விட்டுவிட்டு வந்து இன்றோடு பத்து நாள். போன் கிடையாது, கடிதம் மட்டும்தான் என்று இல்லத்தை நடத்துகிற சார் சொன்னபோது பெரிய படிப்பாளி மாதிரி தலையை ஆட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்த பிறகுதான் தெரிந்தது, நான் கடைசியாக எழுதிய கடிதம் லிஃப்ட் கம்பெனிக்கு வேலை கேட்டு எழுதியது. அதையும் பக்கத்து வீட்டு வாத்தியார்தான் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். இப்போது ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்று உன் அம்மாவைக் கேட்டுக் கேட்டு எழுதுகிறேன். தப்பு இருக்கிற இடத்தில், அவள் சலவைக் கடைத் துணியை இஸ்திரி போட எழுந்து போய்விட்டாள் என்று எடுத்துக்கொள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நீ போனில் நண்பர்களிடம் "சித்தப்பா நாளைக்கு வர்றாரு" என்றும், "சித்தப்பாவைப் பார்த்துட்டேன்" என்றும் பேசியதை நான் அப்படியே நம்பினேன். கூடப் பிறந்த தம்பி ஊருக்கு வருகிறான், அண்ணன் மகனைத் தெருவில் வைத்துப் பார்க்கிறான், அண்ணன் வீட்டு வாசலை மிதிக்காமல் போகிறான் என்று எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு தடவை கூப்பிட்டு அவனை வாங்கு வாங்கென்று வாங்கினேன். "அண்ணே, நான் ஊரை விட்டே நகரலையே" என்று சத்தியம் செய்தான். "பொய் வேறயா?" என்று போனை வைத்தேன். மூன்று மாதம் பேச்சில்லை. உங்கள் பாஷையில் சித்தப்பா என்றால் போதை மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிறவன் என்று தெரிந்த பிறகும், அவனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பேருந்தில் வரும்போது நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "யார் சொன்னது?" நீ மாத்திரை போடுகிறாய் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானேதான் கண்டுபிடித்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஒரு வரி எழுதினாலும் போதும்.

உன் அப்பா


பிப்ரவரி 19

அப்பாவுக்கு,

நலம். ராத்திரி தூக்கம் வருகிறது. முதல் வாரம் வரவில்லை. காலையில் விசில் ஊதுவார்கள், தரை துடைக்க வேண்டும். என் பங்கு மாடிப்படி. நாங்கள் எழுதுவதை சார் படிக்க மாட்டார். வருகிற உறையை மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்துவிட்டுக் கொடுப்பார்.

நீங்கள் கண்டுபிடிக்கவில்லை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து "சித்தப்பாவை வீட்டுக்குக் கூட்டிட்டு வாடா, சாப்பிட்டுட்டுப் போகட்டும்" என்று கத்தியவர் நீங்கள். அந்தப் பக்கம் நாலு பேர் சிரித்து உருண்டார்கள். ஒரு மாதத்துக்கு எங்கள் கூட்டத்தில் யாரைப் பார்த்தாலும் முதலில் அதைத்தான் சொல்வோம்.

எங்களுக்குத் தெரிந்த வார்த்தைகளை எல்லாம் ஒரு தாளில் எழுதச் சொன்னார் சார். ஒருவனுடைய கூட்டத்தில் எல்லாம் பழத்தின் பெயர். இன்னொருவனுடையது கிரிக்கெட். எங்களுடையது மட்டும் சொந்தபந்தம். மாமா என்றால் போலீஸ். பெரியப்பா என்றால் ஒன்றிலேயே ஆளைச் சாய்த்துவிடும் மாத்திரை. கல்யாணம் என்றால் எல்லோரும் கூடிப் போடுவது. "கல்யாணத்துக்குப் போறேன்" என்று நான் கிளம்பியபோது "நல்லாச் சாப்பிட்டுட்டு வா" என்று வழியனுப்பினீர்கள்.

ஆகவே மறுபடியும் கேட்கிறேன். யார் சொன்னது?

இப்படிக்கு,
மகன்


பிப்ரவரி 23

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தூக்கம் வருகிறது என்ற வரியை அம்மா தனியாக இரண்டு தடவை படித்தாள். நாங்கள் நலம்.

"நல்லாச் சாப்பிட்டுட்டு வா" என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன செய்ய? என் முட்டாள்தனம் எப்போதும் கூசாமல்தான் பேசும். தப்பாக நினைக்காதே, அந்த வார்த்தைகளைக் கண்டுபிடித்த மூளையைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. சித்தப்பா வருகிறார் என்று பிள்ளை சொன்னால் எந்த அப்பன் சந்தேகப்படுவான்? யாருடைய யோசனையப்பா அது?

இப்போது என் நிலைமையைக் கேள். போன வாரம் ஒரு குடியிருப்பில் லிஃப்ட் வாசலில் பொத்தான்களைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் வயதுப் பையன்கள் இரண்டு பேர் வந்தார்கள்.

"சித்தப்பா வந்தாச்சாடா?"

"மூணாவது மாடியில இருக்காரு. வா வா, சீக்கிரம்!"

எனக்குத் திக்கென்றது. ஸ்குரூ டிரைவரும் கையுமாகப் படியேறி ஓடினேன். மூன்றாவது மாடியில் ஒருவர் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"யாருங்க நீங்க?"

"பசங்களோட சித்தப்பாங்க."

"எந்தச் சித்தப்பா?"

"அவங்க அப்பாவோட தம்பிங்க. சித்தப்பான்னா வேற என்னங்க?"

எனக்கு அசடு வழிந்தது. "இல்லை, லிஃப்ட் இங்கே சரியா நிக்குதான்னு கேட்கத்தான்" என்றேன். "நான் படியிலதாங்க ஏறி வந்தேன். லிஃப்டைத்தான் நீங்க பிரிச்சுப் போட்டு வெச்சிருக்கீங்களே" என்றார் மனிதர்.

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்க வரலாம் என்று சார் எழுதியிருந்தார். நீ வர வேண்டாம் என்று சொன்னதாகவும் எழுதியிருந்தார். சரி. எனக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி லிஃப்டில் வேலை இருக்கிறது.

யார் சொன்னது என்பதை விடு. மாடிப்படியை மேலிருந்து கீழாகத் துடை. கீழிருந்து மேலே போனால் வேலை இரட்டிப்பு.

உன் அப்பா

அம்மா எழுதுவது: ஞாயிற்றுக்கிழமை இவருக்கு வேலை கிடையாது.


மார்ச் 10

அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நலம். எடை இரண்டு கிலோ கூடியிருக்கிறது.

யோசனை என்னுடையதுதான். எல்லாம் நான் வைத்த பெயர். முதலில் எங்களிடம் வேறு வார்த்தைகள் இருந்தன, எல்லாம் சினிமாவில் வருகிற மாதிரி. அதைப் பேசினால் யார் காதில் விழுந்தாலும் மாட்டிக்கொள்வோம். வீட்டு வார்த்தையாக இருந்தால் வீட்டிலேயே பேசலாம் என்று நான்தான் சொன்னேன். நீங்கள் பாராட்டியதைப் படித்தபோது எனக்கு எப்படியோ இருந்தது.

போன ஞாயிறு நம் தெருப் பையன் கண்ணாடி, அந்தத் தடிமனான கண்ணாடி போட்டவன், வந்திருந்தான். நான் பார்க்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஜன்னலிலிருந்து பார்த்தேன். கையில் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் கேட்டுக்கு வெளியே நின்றான். கூட்டத்தில் பாதியில் விலகிப் போனவன் அவன் ஒருவன்தான். அவனைத் தவிர வேறு யார் சொல்லியிருக்க முடியும்? வெளியே வந்ததும் அவனுக்கு இருக்கிறது.

என்னைக் காட்டிக்கொடுத்தது யாரென்று தெரியாமல் அந்தத் தெருவில் என்னால் நடக்க முடியாது. வீட்டிலும் இருக்க முடியாது. அதனால்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

மகன்


மார்ச் 14

அன்புள்ள மகனுக்கு,

நலம். நலமறிய அவசரம்.

கண்ணாடி சொல்லவில்லை. என் தொழில் மேல் ஆணை. எத்தனை பேர் என்னை நம்பி லிஃப்டில் கால் வைக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும், சும்மா சொல்ல மாட்டேன். அந்தப் பையன் அடுத்த ஞாயிறும் வருவான். அவனைப் பார்.

நானே கண்டுபிடித்தேன் என்று எழுதியது பொய். அதை நீ ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை என்பதில் எனக்கு வருத்தம்தான். யார் சொன்னது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். சொன்னவருக்கு உன்மேல் கோபம் கிடையாது என்பதை மட்டும் வைத்துக்கொள்.

அம்மா ஒன்றும் எழுதவில்லை. பேனாவை வாங்கினாள், யோசித்தாள், திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

உன் அப்பா


மார்ச் 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீ நலமா? அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். தபால்தலை அம்மா கொடுத்தாள். நீ எழுதிய கடிதத்தை எல்லாம் அப்பா சட்டைப் பையில் வைத்துக்கொண்டே தூங்கிவிடுகிறார், அதனால் நான் படித்துவிட்டேன்.

நான்தான் சொன்னேன்.

மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு சனிக்கிழமை, நீ போனில் "தங்கச்சியோட வர்றேன், அங்கயே இரு" என்று சொன்னாய். எனக்கு ஒரே சந்தோஷம். நீ என்னை எங்கேயுமே கூட்டிக்கொண்டு போனதில்லை. நீலச் சட்டை போட்டுக்கொண்டு, தலை வாரிக்கொண்டு, செருப்பையும் மாட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். நீ என்னைத் தாண்டி இறங்கினாய். "எங்கடி கிளம்பிட்டே?" என்று கேட்டாய். நான் "சும்மா" என்றேன். நீ போய்விட்டாய்.

மறந்துவிட்டாய் போல என்று நினைத்தேன். இன்னொரு நாள் "தங்கச்சியை ரெண்டா ஒடச்சு ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாம்" என்று சொன்னாய். அப்போதுதான் அது நான் இல்லை என்று தெரிந்தது. அதற்கப்புறம் நீ பேசுகிறதை எல்லாம் அறிவியல் நோட்டின் பின்பக்கம் எழுதினேன். எந்த வார்த்தை எந்த வார்த்தையோடு வருகிறது என்று கோடு போட்டுப் பார்த்தேன். முப்பத்தோரு வார்த்தை சேர்ந்தது. மூன்றுக்கு மட்டும் இன்னும் அர்த்தம் தெரியவில்லை.

யாரிடமும் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ஒரு மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்து உன்னை எழுப்பினேன். நீ எழுந்திருக்கவில்லை. முகத்தில் தண்ணீர் ஊற்றினேன். ரொம்ப நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து "யாரு நீ?" என்று கேட்டாய். அன்றைக்குத்தான் அப்பாவிடம் நோட்டைக் கொடுத்தேன். அப்பா முழுதும் படித்துவிட்டு "எந்தச் சித்தப்பா?" என்று கேட்டார். நான் விளக்கிச் சொன்னேன். அப்புறம் அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கண்ணாடி அண்ணனைத் திட்டாதே. திட்டுவது என்றால் என்னைத் திட்டு. ஆனால் மறுபடியும் அப்படி ஆனால் மறுபடியும் சொல்வேன்.

பாப்பா


ஏப்ரல் 11

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் நலம். உன்னிடமிருந்து கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. நீ நன்றாகத்தான் இருக்கிறாய் என்று சார் ஒரு அட்டை போட்டிருந்தார், அதனால் பயப்படவில்லை. கொஞ்சம்தான் பயந்தேன்.

பாப்பா உனக்கு எழுதியது நேற்றுதான் எனக்குத் தெரியும். அம்மா சொன்னாள். அவளுக்குத் தபால்தலை கொடுத்த அம்மாவிடம் கோபித்துக்கொள்ள முயன்றேன். "நீங்க பொய் எழுதினீங்க, அவ உண்மை எழுதினா. ஒரே தபால்தலைதான் மிச்சம் இருந்துச்சு, உண்மைக்குக் கொடுத்தேன்" என்றாள்.

பன்னிரண்டு வயதில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். மூன்றாவது தடவையாக ஐந்தாம் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். இவள் பூட்டு போட்ட ஒரு பாஷையைத் தனியாக உட்கார்ந்து திறந்திருக்கிறாள். பூட்டு உன்னுடையது, சாவி அவளுடையது. இரண்டு பேரும் என் பிள்ளைகள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

கடிதம் வந்ததா என்று அவள் கேட்பதில்லை. தபால்காரர் வருகிற நேரத்தில் மட்டும் கீழே அவளுக்கு ஏதோ வேலை இருக்கிறது.

இருபத்தைந்தாம் தேதியோடு தொண்ணூறு நாள் முடிகிறது. அன்றைக்குக் காலை கூட்டிக்கொண்டு வர வருகிறேன். கோபம் இருந்தால் என் பேரில் எழுது. நான் குண்டாக இருக்கிறேன், என்மேல் நிறைய எழுத இடம் இருக்கிறது. அவள்மேல் வேண்டாம்.

உன் அப்பா


ஏப்ரல் 18

அப்பா,

இருபத்தைந்தாம் தேதி வர வேண்டாம். இன்னும் ஒரு மாதம் இருக்கிறேன் என்று நானே சாரிடம் கேட்டிருக்கிறேன். பாப்பா மேல் கோபத்தினால் இல்லை. இதை முதலில் அவளிடம் சொல்லிவிட்டு மீதியைப் படியுங்கள்.

போன வாரம் ஒரு புதுப் பையன் வந்தான். எங்கள் பகுதிதான். சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் நின்று யாரிடமோ "எங்க சித்தப்பா பிடிபட்டுட்டாரு" என்றான். அவ்வளவுதான். எனக்கு வாயில் எச்சில் ஊறிவிட்டது. தட்டைக் கீழே போட்டுவிட்டேன். மூன்று மாதம் ஆகியும் ஒரு வார்த்தைக்கு அப்படி.

மற்றவர்கள் வெளியே போனால் பழக்கடையைத் தாண்டிப் போகலாம், கிரிக்கெட் பார்க்காமல் இருக்கலாம். நான் எங்கே போவேன்? நான் எடுத்தது எல்லாம் வீட்டு வார்த்தை. நம் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை மாமா, பெரியப்பா, சித்தப்பா என்று பேசுகிறோம். யாராவது "உன் தங்கச்சி எங்கடா?" என்று கேட்டால் எனக்கு முதலில் எது ஞாபகம் வருகிறது என்று சொன்னால் நீங்கள் என்னை வீட்டுக்குள் விட மாட்டீர்கள். அது மாறாமல் அவள் முகத்தைப் பார்க்க மாட்டேன்.

கண்ணாடியைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். "போடா" என்றான்.

பாப்பாவுக்கு மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். அவள் தண்ணீர் ஊற்றியது எனக்கு ஞாபகமே இல்லை. அதுதான் எழுத வரவில்லை.

மகன்


ஏப்ரல் 22

என் அன்பு மகனுக்கு,

நீ சொன்னபடி பாப்பாவிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் மீதியைப் படித்தேன். அவள் "சரி" என்று சொல்லிவிட்டுப் போய்க் குளித்தாள். ரொம்ப நேரம் குளித்தாள். உள்ளே பாட்டு கேட்டது.

என்னைக் கேட்டால், எனக்குப் பெருமையாக இருக்கிறது. வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொன்ன மகனைப் பற்றிப் பெருமைப்படுகிற அப்பன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் இருப்பேன். கதவு திறந்திருக்கிறது, நீ இன்னும் சரியாகவில்லை என்று நீயே சொல்லி உள்ளே நிற்கிறாய். எனக்கு அந்தத் தைரியம் இருந்ததில்லை. ஒரு போன் போடக்கூட இத்தனை நாள் இல்லை.

நேற்று உன் சித்தப்பாவுக்குப் போட்டேன்.

"டேய், நான்தான்" என்றேன்.

"தெரியுது. சொல்லுங்க."

"அன்னைக்குத் திட்டினது தப்புடா."

"எந்த அன்னைக்கு? ரெண்டு தடவை திட்டினீங்க."

"ரெண்டும்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் உன் கடிதத்தைப் படித்துக் காட்டி, "ஒரு உதவி வேணும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போய் அவன் முன்னால உட்காரு. சும்மா உட்காந்தாப் போதும். சித்தப்பான்னா யாருன்னு அவனுக்கு ஞாபகம் வரணும்" என்றேன்.

"வராதப்ப வந்தேன்னு திட்டினீங்க. இப்ப நிஜமாவே வரச் சொல்றீங்களா? பெட்டி கட்டறேன்" என்றான். குழாய் வேலைக்காரனுக்கு ஞாயிறுதான் நல்ல வேலை நாள். அதைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை.

அவனைப் பார்க்க மாட்டேன் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதே. அவன் கண்ணாடி மாதிரி கேட்டில் நிற்க மாட்டான், சுவர் ஏறிக் குதிப்பான்.

உன்னை நினைத்துத் தலை நிமிர்ந்து நடக்கும்,
அப்பா

அம்மா எழுதுவது: இரு. நன்றாக இருந்துவிட்டு வா.


மே 19

அன்புள்ள அப்பா, அம்மா, பாப்பா மூவருக்கும்,

நலம். முகத்தில் கன்னம் வந்துவிட்டது என்கிறார் சார்.

சித்தப்பா முதல் ஞாயிறு வந்தபோது எனக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. நாக்கு கூசியது. "வாங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் இங்கே குளியலறைக் குழாய் ஒழுகுவதைப் பார்த்துவிட்டு "இதை எவன்டா மாட்டினது?" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு மணி நேரம் ஸ்பானரை எடுத்துக் கொடுத்தேன். என்னிடம் பேசியதைவிடக் குழாயிடம் பேசியதுதான் அதிகம். போகும்போது "அடுத்த வாரம் சமையல்கட்டு" என்றார்.

இரண்டாவது ஞாயிறு பையன்கள் எல்லோரும் "சித்தப்பா, எங்க பக்கமும் ஒழுகுது" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் புதுப் பையனும்தான். மூன்றாவது ஞாயிறு நானே கேட்டில் போய் நின்று "என்ன சித்தப்பா, லேட்டு?" என்றேன். வாயில் எச்சில் ஊறவில்லை. குழாய்ப் பசை வாசனைதான் ஞாபகம் வந்தது.

இந்த ஞாயிறு அவரோடு பாப்பா வரப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா என்றும் எனக்குத் தெரியவில்லை. நான் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கேட்டிலிருந்து காவலாளி கத்தினார்.

"டேய், உன் தங்கச்சி வந்திருக்குடா!"

கை முழுக்க சோப்பு நுரையோடு ஓடினேன். வாளியைத் தட்டிவிட்டேன், மாடிப்படியைச் சுற்றிக்கொண்டு போகாமல் கம்பியைத் தாண்டிக் குதித்தேன். வேப்ப மரத்தடியில் இருக்கிறாளா, அலுவலக அறையில் இருக்கிறாளா என்று இரண்டு பக்கமும் பார்த்தேன். பக்கத்தில் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த வார்த்தையைக் கேட்டேன், அவளைத் தவிர வேறு எதுவும் ஞாபகம் வரவில்லை.

சனிக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போங்கள்.

மகன்